துணித்தலையா, திருகுத்தலையா?

பேராக் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவன ஈயமும் ரப்பருமே. ஆயினும் பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் சென்று பார்ப்போமாயின் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். 1906-ஆம் ஆண்டில் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசன வேலைக்குத் தாய் புக்கிட் மேரா ஏரி.

அங்கே அரிவாள் ஓய்ந்து பல்லாண்டுகளாயின. கூலிக்கு வரும் இயந்திரமே அறுத்து, அடித்து, தூற்றியும் தருகிறது. அத்தகைய இயந்திரமொன்றை வைத்துப் பிழைக்கும் நம் உறவினர், தோட்டத்தில் பால்வெட்டியவரின் மகன், ஒருநாள் நம்மிடம் வந்தார். "மாமா, புதிதாகத் துணித்தலை வாங்கட்டுமா? பழைய திருகுத்தலையே போதுமா?" என்றார். விற்பனையாளர் துணித்தலையை வானளாவப் புகழ்ந்திருந்தார் போலும்.

முன்தலையென்பது பயிரை அறுத்து இயந்திரத்தின் வாய்க்கு ஊட்டும் பகுதி. திருகுத்தலையில் இரும்புத் திருகு உருளையொன்று இருபுறத்துத் தாளையும் நடுவுக்குத் தள்ளும். 'டிரேப்பர்' எனப்படும் துணித்தலையிலோ ஓடும் அகன்ற பட்டை அவ்வேலையைச் செய்யும். முன்னாளில் அது வெறுங் கித்தான். இன்று ரப்பர் பூசிய துணி. ரப்பர் நம்மை விட்டபாடில்லை!

துணிப்பட்டை கதிர்களை முன்னாக வைத்துச் சீராய் ஊட்டும். திருகோ ஈரத்தாளைக் கற்றை கற்றையாய்த் தள்ளும்; உள்ளே அடிக்கும் உருளை திணறும்; உதிராத மணி வைக்கோலோடு வெளியேறும். இவ்வளவும் மெய்யே. ஆனால் துணித்தலை தன் திறம் முழுதும் காட்டுவது கனடாவின் கோதுமை வெளியில், முப்பது நாற்பதடி அகலத்தில். கிரியானிலோ வரப்புக்கு வரப்பு திரும்பவேண்டும். சங்கிலிச் சக்கரம் பூட்டிய இயந்திரத்தையே சேறு விழுங்கப் பார்க்கிறது; அதன் முன்பாரத்தைக் கூட்டலாமா? சாய்ந்த பயிரை அள்ளத் தலையைத் தாழ்த்துகையில் பட்டைக்குள் சேறு புகுந்தால் அன்றைய வேலை போயிற்று.

"மாப்பிள்ளை, அகலத்தை அளக்க வேண்டாம், சிந்திய மணியை எண்ணும்" என்றோம். அறுவடை நடுவே இயந்திரத்தை நிறுத்திச் சற்றுப் பின்வாங்கினால், முன்தலை மட்டும் கடந்த நிலம் தெரியும். தானாய் உதிர்ந்ததைக் கழித்து, அங்கே கிடப்பது முன்தலையின் குற்றம். பின்னால் வைக்கோலடியில் அதற்குமேல் கிடப்பது வயிற்றின் குற்றம். அடிக்கும் உருளையையும் சல்லடையையும் அங்கே பார்க்கவேண்டும். ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 25 கிராம். சதுர மீட்டருக்கு 400 மணி சிந்தினால் ஹெக்டேருக்கு 100 கிலோ போயிற்று! இயந்திரக்காரரின் கூலியில் காசு குறையாது. இழப்பெல்லாம் உழவன் தலையில்.

இன்னொன்றும் சொன்னோம். மலாய் உழவர் 'பாடி அங்கின்' என்னும் காற்றுநெல், அறுவடைக்கு முன்னரே உதிரும் களை, இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு வயலுக்கு வயல் பரவுவது. எத்தலையாயினும் கழுவ எளிதா என்று கேட்காமல் பணம் எண்ணலாகாது.

அவர் இரண்டு வயல்களில் எண்ணிப் பார்த்தார். முன்னால் சிந்தியதே மிகுதி. மழுங்கிய கத்திகளையும், பயிரை வளைத்துத் தரும் சுழலியின் கோணிய விரல்களையும் மாற்றி, ஓட்டத்தையும் தணித்தார். மூன்றாம் வயலில் மணி வெகுவாய்க் குறைந்தது. துணித்தலையின் விலைப்பட்டியல் அவர் வண்டியில் இன்னும் கிடக்கிறது. அடுத்த போகத்தில் வைக்கோலடியையும் எண்ணிவிட்டே அதைப் பிரிப்பாராம்.