வன்னி ஓடிய மாதங்கள்

நாக்பூரிலிருந்து எந்தத் திசையில் கோடு கிழித்தாலும் கடல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். நாட்டின் நட்டநடு மையம் என்று இந்த ஊர்க்காரர்கள் காட்டும் ஜீரோ மைல் கல்லைக் கடந்துதான் தினமும் அலுவலகம் போகிறேன். அவர்களுக்கு அது பெருமை, எனக்கு வயிற்றெரிச்சல். மாற்றலாகி வரும்போது சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டி ரயிலேற்றிக் கொண்டுவந்தேன். காலையில் வார்தா சாலையில் ஓட்டுகிறேன். அம்பாஜரி ஏரியில் நீந்துகிறவர்கள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் ஏரித் தண்ணீர் இறங்கிய இடத்திலேயே ஆளை வைத்திருக்கிறது. யாரையும் எதையும் கேட்காமல் இறங்கி, நீந்தி, ஏறிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

நான் ஏங்குவது 2019ஆம் வருஷத்துச் சென்னை ஈசிஆருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு. அங்கேதான் ஒரு குழுவாகப் போட்டிக்குப் பயிற்சி எடுத்தோம். அந்த அக்டோபர் 20ஆம் தேதி கோவாவில் இந்தியாவின் முதல் அயர்ன்மேன் 70.3 போட்டி நடந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் ஆரம்பித்துவைத்த முழு அயர்ன்மேனில் இது சரிபாதி. எங்கள் வீட்டில் 'அரைக் கிறுக்கு' என்று பெயர் வைத்தார்கள். முந்தைய வருஷம்தான் கொழும்பில் இதே தூரப் போட்டி தொடங்கியிருந்தது. எங்கள் குழுவில் ஒருவர் அங்கே போய்வந்து, கொழும்புக் கடலைப் பற்றிப் பேசிப் பேசியே மற்றவர்களையும் கெடுத்தார்.

கடலில்தான் பழக வேண்டும் என்று நாங்கள் ஒன்றும் திட்டம் போடவில்லை. அந்த வருஷம் சென்னையில் தண்ணீர் இல்லை. ஏரிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த நீச்சல்குளத்தையும் மூடிவிட்டார்கள். குடிக்கவே இல்லாத ஊரில் குளம் நிரப்புவது எப்படி நியாயமாகும்? பூட்டிய கேட்டுக்கு முன்னால் பையும் துண்டுமாக நின்றபோது ஒருவர் கிழக்கே கையைக் காட்டினார்: "அதான் அங்க இவ்ளோ தண்ணி கிடக்கே."

நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு குப்பத்தருகில் இறங்குவோம். முதல் நாள் அலைகளைப் பார்த்தபடி நாங்கள் கூடிக் கூடிப் பேசியதை, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் ஜிபிஎஸ் கடிகாரம் இருந்தது, இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆரஞ்சு மிதவை இருந்தது. அவர் எழுந்து வந்து கரையோரம் நுரை நகரும் போக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வன்னி இழுக்குது சார். தோ, தெக்கால அந்தப் பச்சை போட்டாண்ட போய் எறங்கு. இங்க வந்து ஏறு. எதுத்து நீந்துனா மூச்சுதான் போவும்" என்றார்.

வன்னி என்பது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் தெண்டி. தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் வன்னி, வாடைக் காலத்தில் தெண்டி. எங்கள் பயிற்சி மாதங்கள் வன்னியுடையவை. பச்சை போட்டருகே இறங்கி அலை உடையும் இடத்தைத் தாண்டினோம். கடலில் குளத்தைப் போல அடியில் கோடு கிடையாது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி, கரையில் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் குப்பத்து அம்மன் கோயில் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டேன். நீந்தினால் கோபுரம் வேகமாகப் பின்னால் போயிற்று. மூச்சு வாங்கச் சும்மா மிதந்தபோதும் போய்க்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து பையைக் கீழே வைக்கும் முன் பெரியவரைத் தேடுவது வழக்கமாயிற்று. அவர் இல்லாத நாளில் வேறு யாராவது சொல்வார்கள். "இன்னிக்கு வாணாம்" என்றால் வேண்டாம்தான், அப்பீல் கிடையாது. சொறி, அதாவது ஜெல்லிமீன், வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவார்கள். ஒருமுறை சொறி பட்டு என் தோளில் கோடு கோடாகத் தடித்து, ஒரு வாரம் சட்டை போடவே பயமாக இருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு சொறியா என்று சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எங்களுக்காகவே அளந்து போட்ட சாலை. நாலரைக்குக் கிளம்பினால் பாலவாக்கம் வரை தண்ணீர் லாரிகள் ஒழுக ஒழுக உரசிக்கொண்டு போகும். அந்தக் கோடையில் அந்த ஈரத்தைப் பார்த்தாலே யாராவது 'ஐயோ' என்பார்கள். அக்கரை தாண்டினால் லாரி குறையும். உத்தண்டி டோல்கேட்டின் ஓரச் சந்தில் நுழைந்து வெளியே வந்தால் ஊர் முடிந்தது. முட்டுக்காடு பாலத்தில் கிழக்கு வெளுக்கும். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் ஒரு வாசனை, திறந்திருந்தால் வேறு வாசனை. பார்க்கத் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். அப்புறம் கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. தென்சென்னையில் இருக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் அந்த வருஷம் சொட்டியதில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பதால், அந்த மதில் வந்ததும் ஒருவர் சைக்கிளில் இருந்தபடியே கும்பிடு போடுவார்.

வரிசையாகப் போவோம். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்கள் அவர் முதுகில் ஒண்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முறை. பள்ளம் வந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். "அண்ணே, மணலு!" "லெஃப்ட்ல மாடு!" என்று குரல் வரிசையின் கடைசி வரை போகும். ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி ஊழியர், இரவு ஷிப்ட் முடித்து நேராக வரும் கால்டாக்ஸிக்காரர் ஒருவர். அவர்கள் முகங்களைவிட முதுகுகள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கால்டாக்ஸிக்காரரின் ஜெர்சியில் இடது தோளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை போயிருக்கிறேன். திரும்பும் வழியில் நுங்கு. வெட்டிக் கொடுப்பவரிடம் பதநீர் கேட்டால், வெயில் ஏறிவிட்டது, புளித்துவிட்டது, குடிக்காதே என்பார். விற்றிருக்கலாம், விற்க மாட்டார்.

சைக்கிளை விட்டு இறங்கிய சூட்டோடு ஓடுவதை பிரிக் என்பார்கள். கால் நம்முடையதாகவே இருக்காது. திருவான்மியூர் கடற்கரையில் நடைப்பயிற்சிப் பெரியவர்கள் எங்களை இரக்கத்தோடு பார்ப்பார்கள். அதற்கெல்லாம் ஏக்கம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 18ஆம் தேதியும் ஞாயிறுதான். காலையில் முழுத் தூரம் ஓட்டிவிட்டு வந்து செத்தவனாகப் படுத்திருந்தேன். இரவில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது: கடல் நீலமாக எரிகிறது, உடனே வா. திருவான்மியூரில் அலை உடைந்த இடமெல்லாம் நீல வெளிச்சம். ஈர மணலில் கால் வைத்தால் காலடியிலும் பொறி பறந்தது. கைக்குழந்தையோடு, பாட்டியோடு, பாதிச் சென்னை அங்கே நின்றது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி, கடலுக்கு அது நல்ல அறிகுறி அல்ல என்று ஆய்வாளர்கள் பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது. ஆனாலும் அந்த இரவில் முழங்கால் ஆழத்தில் நின்று கையால் நீரை அளைந்ததை, ஆய்வு முடிவுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

போட்டி நன்றாகத்தான் நடந்தது. மிராமர் கடற்கரை, மாண்டவி ஆறு கடலில் கலக்கும் வாய். தண்ணீர் கலங்கல், நீட்டிய கை தெரியாது. ஆனால் வரிசையாக மிதவைகள், பக்கத்திலேயே கயாக்கில் காவல். இறங்கு என்றார்கள், இறங்கினோம். சைக்கிளில் முன்னால் போகிறவரை ஒண்டக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விதி. மீறினால் நிறுத்தி நிமிஷக்கணக்கில் நிற்கவைப்பார்கள். அத்தனை மாதம் யார் முதுகையாவது பார்த்தே ஓட்டிப் பழகியவனுக்கு அந்த 90 கிலோமீட்டர் பாலைவனம். மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சைகோம் ஐந்து மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து வென்றபோது நான் இன்னும் சைக்கிளில்தான் இருந்தேன். பிறகு அக்டோபர் வெயிலில் மிராமருக்கும் டோனா பாவ்லாவுக்கும் நடுவே ஓடி, நேரம் முடியும் முன் நானும் கோட்டைத் தாண்டினேன். சந்தோஷம்தான். பதக்கம் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கிறது. நாக்பூர் வந்தபின் அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கோவாக் கடலோடு எனக்குப் பேச்சுவார்த்தையே ஏற்படவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

2020இல் ஊரடங்கு வந்து கடற்கரையையே மூடினார்கள். கோவாப் போட்டி மறுபடி நடக்க 2022 நவம்பர் ஆயிற்று. அதற்குள் குழு கலைந்துவிட்டது. பல் டாக்டர் கனடாவில். கால்டாக்ஸிக்காரர் சொந்த ஊருக்குப் போய் மளிகைக் கடை வைத்துவிட்டார். எனக்கு இந்த ஊர்.

போன பொங்கலுக்குச் சென்னை போனபோது ஒரு காலையில் குப்பத்துக்குப் போனேன். பெரியவர் இப்போது போட்டில் ஏறுவதில்லை, மகன் போகிறார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் நான் கடலைப் பார்த்து நின்றதும், கேட்காமலே சொன்னார்: "தெண்டி ஓடுது. வடக்கால எறங்கணும்." நீச்சல் உடை எதுவும் நான் எடுத்துப் போகவில்லை.

ஈசிஆர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரும் ஞாயிறு வெயிலுக்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டோல்கேட் தாண்டிப் போய்வாருங்கள். ஹெல்மெட்டும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம். கடலில் இறங்கும் ஆசை இருந்தால் தனியாக இறங்காதீர்கள்; முதலில் குப்பத்தில் வன்னியா தெண்டியா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பிவிடுங்கள்.