பம்ப் கொட்டகையின் செவி

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் ஏலக்காய் மணந்தாலும் ஏலச்செடி நிற்பது மலைமேல்தான். கூலியாட்களை ஏற்றிய ஜீப்புகள் விடியுமுன் போடிமெட்டுச் சாலையில் ஏறிவிடும். நிலத்துக்காரர்களில் பலர் கீழே ஊரில் இருப்பார்கள். மாசி பிறந்து மழை விட்டுப்போனால் ஏலத்துக்குத் தண்ணீர் கட்டாயம். மோட்டாரோ பள்ளத்தில், ஓடைக்கரையில் இருக்கும்.

2009ஆம் ஆண்டுக் கோடையில் நண்பருடைய மாமாவின் தோட்டத்துக்காக நாங்கள் மூவர் ஒரு பெட்டி செய்தோம். மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் காவல்காரப் பெரியவர் டார்ச்சோடு சரிவில் இறங்கியாக வேண்டும். அது யானை நடமாடும் தடம். அந்த நடையிலிருந்து அவரை விடுவிப்பதே எங்கள் எண்ணம். செல்பேசியால் பம்ப்பை இயக்கும் புணேயின் ‘நானோ கணேஷ்’ கருவி அவ்வாண்டில்தான் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு பெற்றிருந்தது.

செல்பேசியின் ஹெட்போன் துளையில் வருவது நமக்குத்தான் ஒலி. கம்பிக்கு அது மிகச் சிறிய, ஏறியிறங்கும் மின்னழுத்தம். காதுக்குப் பதிலாக ஒரு மின்சுற்றுக்கு அதைக் கொடுத்தால் சுற்று கேட்டுக்கொள்ளும். எண் 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என இரு தொனிகள் சேர்ந்தெழுகின்றன. அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1963இல் தொலைபேசிக்குக் கொண்டுவந்த முறை இது. தொனி இரட்டையாக இருப்பதால், பேச்சையோ சீழ்க்கையையோ எண்ணென்று சுற்று மயங்குவது அரிது. எம்டி8870 என்னும் சில்லு அத்தொனிகளைப் பிரித்தறிந்து நான்கு கம்பிகளில் இரும எண்ணாகச் சொல்லும். அடுத்த எண் வரும்வரை அதை மறக்காது. 5 என்பது 0101, 8 என்பது 1000. கடைசிக் கம்பியில் ஒரு டிரான்சிஸ்டர், அடுத்து ரிலே, அதற்கப்பால் ஸ்டார்ட்டர். 5 அழுத்தினால் மோட்டார் ஓடும். 8 அழுத்தினால் நிற்கும். கொட்டகையில் ஒரு பழைய செல்பேசியை ஹெட்செட் வயரோடு பூட்டி, அழைப்பைத் தானே எடுக்கும்படி வைத்தோம்.

முதல் வாரம் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு ஒரு மாலை போடியிலிருந்து 5ஐ அழுத்தினோம். பெரியவர் அப்போது கொட்டகைக்குள் குனிந்து பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டைப் பெல்ட் இழுத்துக்கொண்டது, கை தப்பியது. மறுநாள் நாங்கள் மேலே போனபோது கிழிந்த துண்டை மடித்து வைத்திருந்தார். கோபிக்கவில்லை. “நான் உள்ள இருக்கேன்னு அதுக்கு எப்படித் தம்பி தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

மலையில் நிழல்மரம் கவாத்துச் செய்பவர் முதலில் கூவுவார்; கீழிருந்து மறுகூவல் வந்தபிறகே அரிவாள் இறங்கும். எங்கள் பெட்டிக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. மறுகூவல் கொடுக்கத் தெரியவில்லை. அந்தக் குறை பெட்டியினுடையதன்று, எங்களுடையது.

மெயின் ஸ்விட்சை இறக்காமல் இனி பெல்ட்டைத் தொடவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டோம். மற்றொரு வழியைக் கண்டவர் அவரே. கொட்டகைக்குள் நுழைந்ததும் ஹெட்போன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அது செருகியிருந்தால்தான் அந்தச் செல்பேசி தானே எடுக்கும். பிடுங்கினால் வெறுமனே மணியடிக்கும். “காதைக் கழட்டிட்டேன் தம்பி, இருங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று அவர் குரல் வரும்.

மறு ஆண்டு, 2010இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஐபோனின் அதே துளையிலிருந்து 7.4 மில்லிவாட் மின்சாரமே எடுத்துக் காட்டினர். 2016இல் ஐபோன் 7 அத்துளை இல்லாமலே வந்தது. இன்று சிம் அட்டையை உள்ளேயே வைத்த மோட்டார் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. அவை எங்களுடையதைவிட எவ்வளவோ மேலானவை. ஆனாலும் ஒன்றைக் காணும்போதெல்லாம் நாங்கள் முதலில் தேடுவது, உள்ளே இருப்பவர் அதன் காதைக் கழற்ற வழி இருக்கிறதா என்பதைத்தான்.