சங்கத்துப் பாவு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தறி நெசவாளருடையது, நூல் சங்கத்துடையது. சங்கம் நூலும் சாயமும் கொடுக்கும், நெய்த துணியை எடுத்துக்கொள்ளும், கூலி கொடுக்கும், துணியை விற்கும். விற்றதில் மிச்சம் நின்றால் அது உறுப்பினர்களுக்கே போனசாகவும் பங்கு ஈவாகவும் திரும்பி வரும். சமூக நோக்கில் நடக்கும் தொழில் நிறுவனங்களைப் பற்றி இப்போது கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுத் தறிக்காரர்கள் அப்படி ஒன்றை முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகவே நடத்தி வருகிறார்கள். உள்ளூரில் வேலை உண்டாக்க இந்தச் சங்கங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடை வியாபாரம், மற்றது அரசு கொள்முதல். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் தறி வருஷம் முழுக்க ஓடும் என்பதை ஈரோடு மாவட்டம் சென்னிமலையில் தறிக்கூடங்களைச் சுற்றியபோது பார்க்க முடிந்தது.

வெளியூர்க்காரர்களுக்குச் சென்னிமலை என்றால் முருகன் கோயில். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்றும் சொல்வார்கள். துணி வியாபாரிகளுக்கு அது பெட்ஷீட் ஊர். சங்கங்கள் வருவதற்கு முன் தறிக்காரர் மொத்த வியாபாரியிடம் நூலைக் கடனாக வாங்கி, அவர் சொன்ன கூலிக்கு நெய்து, அவருக்கே துணியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடன் தீராத வரை வியாபாரியை மாற்றவும் முடியாது. மாநில அளவில் விற்பனைக்கான தலைமைச் சங்கமாகக் கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நூலுக்குத் தட்டுப்பாடு வந்து, கட்டுப்பாட்டு விலையில் பங்கீடு நடந்தபோது, சங்கத்தில் இருந்தால்தான் நூல் கிடைக்கும் என்ற நிலை பல ஊர்களில் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டியது. சென்னிமலையில் நெசவாளர்களைக் கூட்டுறவில் திரட்டியவர் எம்.பி. நாச்சிமுத்து. அந்தப் பணிக்காக 1983-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்றும் ஊரில் அவர் பெயர் கல்லூரி வாசலில் இருக்கிறது.

ஒரு தறிக்கு ஒரு ஆள் வேலை என்று கணக்குப் போடுபவர்கள் தறிக்கூடத்தைப் பார்க்காதவர்கள். நூல் ஆலையிலிருந்து சிட்டங்களாக வருகிறது. சாயப்பட்டறையில் அதைச் சாயத்தில் முக்கி, பிழிந்து, மூங்கிலில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். காய்ந்த சிட்டத்தைப் பிரித்து ராட்டையில் சுற்றுவது தனி வேலை. பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் வயதான பெண்கள் செய்கிறார்கள். தறியில் நெடுக்காகப் போகும் இழைகளான பாவை ஓட்டுபவர் வேறொருவர். பாவுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீட்டி விரித்து உலர்த்த விடியற்காலையில் நாலைந்து பேர் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இழை முறுகிவிடும். மழைத் தூறல் விழுந்தால் அந்தப் பாவே போச்சு.

இதில் கண்ணை இழுப்பது அச்சு பிணைக்கும் வேலைதான். தறியில் பழைய பாவு தீரப்போகும்போது அதன் இழை முனைகளை, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்பு போன்ற அச்சிலும் கோத்தபடியே விட்டுவைக்கிறார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து, அதன் ஒவ்வோர் இழையையும் பழைய முனையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பவர் பாவுக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்கிறார். இடது கை இரண்டு இழைகளைப் பிரித்தெடுக்கிறது, வலது கைக் கட்டைவிரல் ஒரு தடவை உருட்டுகிறது, ஒட்டிவிடுகிறது. முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டால் அச்சின் பல்லில் மாட்டும். போர்வை அகலத்துக்கு ஆயிரக்கணக்கான இழைகள். வரிசையில் ஒன்று தப்பினால் கோடு இடம் மாறிவிடும், துணி முழுக்க அந்தத் தப்பு தெரியும். இந்த வேலை தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துவிட்டதால், ஒரே ஆளை நாலைந்து தறிக்காரர்கள் முறை போட்டு அழைக்கிறார்கள். அவர் வரத் தாமதித்தால் தறி சும்மா கிடக்கும். தறிக்காரருக்கு அன்று கூலி இல்லை.

அதன் பிறகுதான் குழித்தறியில் நெசவு தொடங்குகிறது. கால் மிதியை மாற்றி மிதிக்க, கை கயிற்றைச் சுண்ட, நாடா பாவுக்குள் இங்குமங்கும் ஓடுகிறது. நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றான தார் தீர்ந்தால் நிறுத்தி வேறு தார் போட வேண்டும். தார் சுற்றித் தருவது வீட்டில் மனைவியோ மாமியாரோ. இப்படி ஒரு தறி ஓடினால் சாயக்காரர், சுற்றுபவர், பாவு ஓட்டுபவர், பிணைப்பவர், அச்சும் விழுதும் கட்டித் தருபவர் என்று வேலை ஊருக்குள்ளேயே பரவுகிறது. துணி ஆலையில் இவ்வளவும் ஒரே கூரைக்கு அடியில், இயந்திரத்தோடு முடிந்துவிடும். ஊரில் காசு தங்குவது இந்தப் பரவலால்தான்.

துணி கொடுக்கும் நாளில் சங்க அலுவலகம் நிறைந்திருக்கும். நெசவாளர் போர்வைகளை மடித்து மேசையில் வைக்கிறார். பொறுப்பாளர் முதலில் எடை பார்க்கிறார். கொடுத்த நூலின் எடைக்கும் வந்த துணியின் எடைக்கும் கழிவு போகச் சரியாக வர வேண்டும். பிறகு ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை, அதாவது குறுக்கு இழை, விழுந்திருக்கிறது என்று சின்ன மடக்குக் கண்ணாடியை வைத்து எண்ணுகிறார். ஊடை குறைந்தால் கூலியில் பிடித்தம். கணக்கு பாஸ் புத்தகத்தில் ஏறுகிறது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா சேமிப்பு நிதிக்குப் பிடித்து, அரசின் பங்கும் சேர்த்து நெசவாளர் பெயரில் வைக்கிறார்கள். வியாபாரிக்கு நெய்பவருக்கு இந்தச் சேமிப்பு இல்லை.

“ஏனுங்க, அடுத்த பாவு எப்பங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“நூலு இன்னும் வரலீங்கண்ணா. திங்கக்கிழமை வாங்க, பாக்கலாம்.”

சங்கத்தின் மொத்தப் பொருளாதாரமும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. துணி விற்று, பணம் வந்து, நூல் வாங்கினால்தான் அடுத்த பாவு. விற்பனைக்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மத்தியக் கூட்டுறவு வங்கியின் காசுக்கடனால் நிரப்புகிறார்கள். அதற்கு வட்டி உண்டு.

கடை வியாபாரத்தில் சங்கங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் கோ-ஆப்டெக்ஸ். தீபாவளிக்கு அங்கே நடக்கும் 30 சதவீதத் தள்ளுபடி விற்பனைதான் பல சங்கங்களுக்கு ஆண்டின் உச்சம். வியாபாரம் என்றால் ரசனையோடு ஓட வேண்டும். சென்ற ஆண்டு விற்ற கட்டம் இந்த ஆண்டு அலமாரியில் தங்கும். தங்கிய துணியில் சங்கத்தின் பணமும் தங்கும். அதே வியாபாரம்தான் நெசவாளரைப் புதுக் கரை, புது வண்ணம், புதுக் கோர்ப்பு என்று பழக வைக்கிறது. நல்ல கூலி வருவது அந்த ரகங்களில்தான்.

அரசு ஆர்டரின் குணம் இதற்கு நேர்மாறு. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேண்டிய போர்வை ஒரே அளவு, ஒரே நிறம், பெரிய எண்ணிக்கை. ரசனை மாறுமோ என்ற பயம் இல்லை, விற்காமல் தேங்காது. இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 153-ஆம் விதி, மத்திய அரசுத் துறைகள் வாங்கும் துணிவகைகளில் குறைந்தது 20 சதவீதம் கைத்தறியாக இருக்க வேண்டும் என்கிறது. கதர், கிராமத் தொழில் ஆணையத்திடமிருந்தோ கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற கைத்தறிக் குழுக்களிடமிருந்தோ அவற்றை வாங்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கை அரசு வாங்குவதில் முதலில் 20 சதவீதத்தை அவற்றுக்கு ஒதுக்கியது. பிறகு அது 25 ஆனது, அதற்குள் பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதம். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு வகை. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, போர்வை, ஜமக்காளம் உள்ளிட்ட இனங்களில் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்கிறது. தொடக்கத்தில் 22 இனங்கள், இப்போது 11. உச்ச நீதிமன்றம் 1993-இல் இந்தச் சட்டத்தை உறுதி செய்தது. விசைத்தறிக்காரர்கள் அதன் பிறகும் அந்த ரகங்களை நெய்யாமல் இல்லை; ஈரோட்டுச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள்.

ஒதுக்கீடு எழுத்தில் இருந்தும் கொள்முதல் அலுவலர் கடைசியில் பார்ப்பது விலையை. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில் கைத்தறிப் போர்வை விசைத்தறிப் போர்வையோடு மோதி ஜெயிக்காது. ஆகவே சங்கத்துக்கு வரும் அரசு வேலை பெரும்பாலும் டெண்டர் வழியாக வருவதில்லை; அரசு நேரடியாகக் கோ-ஆப்டெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்து, அங்கிருந்து சங்கங்களுக்குப் பிரிகிறது.

இந்த வழியில் நடக்கும் மிகப் பெரிய ஏற்பாடு பொங்கல் வேட்டி சேலை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983-இல் தொடங்கியது. ஏழைகளுக்குப் பண்டிகைத் துணி, வேலை ஓய்ந்த மாதங்களில் நெசவாளருக்குத் தறி என்று இரண்டு நோக்கம். அண்மை ஆண்டுகளில் சேலை ஏறத்தாழ 1.77 கோடி, வேட்டியும் அதே அளவு. இவ்வளவையும் கைத்தறியில் நெய்து முடிக்க முடியாது. கைத்தறி, பெடல் தறி, விசைத்தறி என்று பிரித்துக் கொடுத்தார்கள், காலப்போக்கில் பெரும்பங்கு விசைத்தறிச் சங்கங்களுக்குப் போய்விட்டது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு அது பெரிய வேலை. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் குழித்தறிக்கு வேலை என்று அதைக் கணக்கில் காட்டுவது சரியல்ல.

மலிவுத் துணியை அரசு மொத்தமாக எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1976-இல் மத்திய அரசு ஜனதா துணித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சாதாரண வேட்டி, சேலையைக் கைத்தறியில் நெய்ய மானியம். வேலை இல்லாத தறிகள் ஓடின. ஆனால் மானியம் மலிவு ரகத்துக்கு மட்டும் என்பதால் சங்கங்கள் அதிலேயே நின்றுவிட்டன. கரை போடத் தெரிந்த கைகள் வெறும் துணி நெய்தன. கூலியும் அதற்கேற்ற அளவில்தான். 1990-களில் திட்டம் கைவிடப்பட்டபோது, வியாபாரச் சந்தையை மறந்திருந்த சங்கங்கள் எழுந்திருக்க முடியவில்லை. ஒரே வாங்குபவரை நம்பிய சங்கத்துக்கு அந்த வாங்குபவர் அரசாக இருந்தாலும் கதி ஒன்றுதான்.

கேரளம் வேறு வழி எடுத்தது. அரசுப் பள்ளிக் குழந்தைகளின் சீருடைத் துணியையே கைத்தறியில் நெய்வது என்று 2017 வாக்கில் தொடங்கி, ஹான்டெக்ஸ், ஹான்வீவ் என்ற இரு அமைப்புகள் வழியாக ஆர்டரைச் சங்கங்களுக்குப் பிரித்தது. முண்டும் சேலையும் விற்றுப் பிழைத்த சங்கங்களுக்கு ஆண்டு முழுக்க வேலை வந்தது. தறியை விட்டுப் போன சிலர் திரும்பி வந்தார்கள். பிறகு கூலி மாதக்கணக்கில் நிலுவை நின்றது என்ற செய்திகளும் வந்தன. தறி ஓடியது, கூலி வரவில்லை என்றால் நெசவாளருக்கு அது வேலையில்லாத நாளைவிட மோசம். தன் உழைப்பை அவர் கடனாகக் கொடுத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடையின் வேலைவாய்ப்பு தறியில் அல்ல, தையலில் இருக்கிறது. சத்துணவு உண்ணும் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட். துணியை விசைத்தறிச் சங்கங்கள் நெய்கின்றன. சமூக நலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் வெட்டிய துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துத் தருகிறார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரும், கணவரை இழந்தவரும் வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை. சீசன் முடிந்தால் இயந்திரத்துக்குத் துணி போர்த்திவிடுகிறார்கள். வெளிச்சந்தைக்குத் தைத்து விற்கும் ஏற்பாடு உள்ள சங்கங்களில்தான் மற்ற மாதங்களிலும் ஊசி ஓடுகிறது.

சென்னிமலையில் தறிக்குப் போட்டியாக, பக்கத்தில் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. காலையில் கம்பெனி வேன்கள் தறித் தெரு முனையில் நின்று ஆள் ஏற்றிப் போகின்றன. மாதச் சம்பளம், பிடித்தம், விடுமுறை எல்லாம் அங்கே உண்டு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். அது உதவிதான், ஆனால் வேனில் ஏறும் பையனைத் திருப்பிக் கூப்பிடாது.

அதே கணக்கெடுப்பில் நெசவாளர்களில் 72 சதவீதம் பெண்கள். நான் போன வீடுகளில் பாஸ் புத்தகம் பெரும்பாலும் கணவர் பெயரில் இருந்தது. ராட்டை சுற்றும் அம்மாவுக்கும், தார் போட்டுத் தரும் மருமகளுக்கும் சங்கத்தில் பெயர் இல்லை. போனசும் சேமிப்பு நிதியும் பெயர் உள்ளவருக்கே. ஒரு வீட்டில் கணவர் சிப்காட்டுக்குப் போய்விட்டார், மனைவி நெய்கிறார். துணியைச் சங்கத்துக்கு அவரே எடுத்துப்போகிறார், எடை பார்க்கும்போது அவரே நிற்கிறார். கூலி அவர் கணவரின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பெயர் மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறாராம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.