ராக்கி மலைப் பக்கம் – 4: கார் வராத கடைத்தெரு

டென்வர் யூனியன் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற பேருந்து நிலையத்தில் ‘ஃபிளாட்அயர்ன் ஃப்ளையர்’ ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போல்டர். 36-ம் எண் நெடுஞ்சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கத் தொடங்கும் இடத்தில் என்னைப்போல் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். தினமும் போகிறவர்கள் செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே மரங்களுக்குள் புதைந்த ஊர். மரங்களுக்கு மேலே கொலராடோ பல்கலைக்கழகத்தின் சிவப்பு ஓட்டுக்கூரைகள். அதற்கும் பின்னால், மலையின் முகத்தில் சாய்ந்து நிற்கும் பிரம்மாண்டமான பாறைப் பலகைகள். ஃபிளாட்அயர்ன்ஸ் என்பது இவற்றுக்குத்தான் பெயர். ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்பாறை, பின்னால் ராக்கி மலை எழும்பியபோது நிமிர்ந்துகொண்டது.

ஊரின் உயரம் 5,430 அடி. குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், தேயிலைச் சரிவு என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கான்சாஸ் பக்கமிருந்து நூற்றுக்கணக்கான மைல் தட்டையாக வரும் சமவெளி இங்கே வந்து மலையில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டிய இடத்தில் ஊர்.

பேருந்து நிலையத்தில் தங்கை மகள் நின்றிருந்தாள். இங்கே விண்வெளிப் பொறியியல் படிக்கிறாள். “தண்ணி குடிச்சுட்டே இருங்க மாமா. தாகம் தெரியாது, தலைவலிதான் தெரியும்” என்று ஒரு பாட்டிலைக் கையில் திணித்தாள். காற்று அவ்வளவு வறட்சி. மதியத்துக்குள் உதடு வெடித்துவிட்டது.

இரண்டு திருப்பம் நடந்தால் பேர்ல் ஸ்ட்ரீட். பதினோராம் தெருவிலிருந்து பதினைந்தாம் தெரு வரை நான்கு பிளாக், செங்கல் பாவிய தரை, நடுவே மரங்கள், பூப்பாத்திகள், உட்கார பெஞ்சுகள். கார் கிடையாது. சைக்கிள்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நாய்க்கும் அனுமதி இல்லை. நாய்ப்பிரியர்கள் நிறைந்த இந்த ஊரில் அந்த விதியை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வசந்த காலத்தில் வந்தால் பாத்தி முழுக்கத் துலிப் பூ இருக்குமாம். நான் போனது செப்டம்பர் கடைசி.

நடைவீதி என்பது அமெரிக்காவில் ஒரு தோற்றுப்போன கனவு. 1959-ல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ தன் கடைத்தெருவைக் காருக்கு மூடி முதல் அடி எடுத்து வைத்தது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய இருநூறு ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். புறநகரில் பெரிய வாகன நிறுத்தத்தோடு மூடிய மால்கள் வந்தன, ஊர் நடுவிலிருந்த கடைகள் ஈ ஓட்டின. தெருவில் காரைத் தடுத்துவிட்டால் கூட்டம் திரும்பும் என்று நம்பினார்கள். பெரும்பாலான ஊர்களில் திரும்பவில்லை. கலமசூவே 1998-ல் தெருவின் ஒரு பகுதியில் மறுபடி காரை விட்டது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ, 1964-ல் பெருமையாகத் திறந்ததை 2017-ல் கைவிட்டது.

போல்டரிலும் 1963-ல் கிராஸ்ரோட்ஸ் என்ற மால் வந்து பேர்ல் ஸ்ட்ரீட் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டது. 1977-ல் இந்த நடைவீதி திறந்ததும் அதே பயத்தில்தான். இங்கே முடிவு மாறிவிட்டது: கிராஸ்ரோட்ஸை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2006-ல் வந்த வணிக வளாகம் கூரையில்லாத, தெரு மாதிரியான வளாகம்!

ஏன் இது பிழைத்தது? பிழைத்த மற்றவற்றின் பெயரைப் பாருங்கள்: வெர்மான்ட்டில் பர்லிங்டன், வர்ஜினியாவில் சார்லட்ஸ்வில். இரண்டும் பல்கலைக்கழக ஊர்கள். போல்டர் வளாகத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள், நடந்தே வந்துவிடும் தூரத்தில். மாணவனிடம் காசு குறைவு, பொழுது அதிகம். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவான். கடைக்காரருக்கு அதில் லாபமில்லை, ஆனால் தெருவுக்கு ஆள் நடமாட்டம் கிடைக்கிறது. நடமாட்டம் இருக்கிற தெருவுக்குத்தான் காசுள்ளவன் வருகிறான்.

வித்தைக்காரர்களும் அந்தக் கணக்கை நம்பித்தான் வருகிறார்கள். தீப்பந்தம் சுழற்றிய ஒருவர், வேலையைத் தொடங்குமுன் கால்மணி நேரம் கூட்டம் சேர்ப்பதிலேயே செலவிட்டார். பேச்சிலேயே ஆட்களை இழுத்து, முன்வரிசைக் குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்து, தொப்பி எப்போது வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். வித்தையைவிட அதுதான் நல்ல வித்தை. இந்தத் தெருவில் பல ஆண்டுகளாகப் பேர்பெற்ற ஒருவர் உண்டாம்: உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொன்னால் ஊரைச் சொல்லி, அங்கே எந்த உணவகம் பிரபலம் என்பதுவரை சொல்லிவிடுவார். நாங்கள் போன அன்று அவரைக் காணோம்.

தெருவின் நடுவில் மாவட்ட நீதிமன்றக் கட்டடம். பழையது 1932-ல் எரிந்துபோக, அடுத்த ஆண்டு ஆர்ட் டெகோ பாணியில் கட்டியது. 1975-ல் இங்கே பதிவாளராக இருந்த க்ளீலா ரோரெக்ஸ், சட்டத்தில் தடை எதுவும் இல்லையென்று ஆறு ஒருபால் இணைகளுக்குத் திருமண உரிமம் கொடுத்தார். பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் நிறுத்திவிட்டார். அந்த உரிமங்களுக்கு எதிர்ப்பைக் காட்ட ஒருவர் தன் பெண் குதிரையைக் கூட்டிவந்து, இவளை மணக்க உரிமம் கொடு என்றார். ரோரெக்ஸ் நிதானமாக மணப்பெண்ணின் வயதைக் கேட்டார். எட்டு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் மைனருக்குக் கொடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்.

அதே நீதிமன்றத்தின் முன்னால்தான் 2025 ஜூன் 1 அன்று, காஸாவில் பிணையாக இருந்தவர்களை விடுவிக்கக் கோரி நடைபோனவர்கள்மீது ஒருவன் பெட்ரோல் குண்டு வீசினான். பலர் தீக்காயப்பட்டார்கள். ஒரு மூதாட்டி பின்னர் இறந்தார். தங்கை மகள் அந்த இடத்தைக் கைகாட்டியதோடு சரி, அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை. நானும் கேட்கவில்லை.

1973 முதல் இருக்கும் போல்டர் புக் ஸ்டோரில் ஒரு மணி நேரம் போனது. மலையேற்றக் கருவிக் கடைகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஒரு மழைச்சட்டையின் விலையைப் பார்த்ததும் மழையில் நனைவது மேல் என்று தோன்றியது.

தெருவிலிருந்து தெற்கே கொஞ்சம் இறங்கினால் துஷான்பே தேநீர் விடுதி. போல்டரில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு என்பவரை நான் இங்கேதான் அனுப்புவேன். பனிப்போர்க் காலத்தில் சோவியத் தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பே, போல்டரின் சகோதர நகரமானது. 1987-ல் அந்நகர மேயர் ஒரு தேநீர் விடுதியையே பரிசாக அறிவித்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட தஜிக் கைவினைஞர்கள் மூன்று ஆண்டு கையாலேயே செதுக்கி, வண்ணம் தீட்டி, துண்டு துண்டாகப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். பெட்டிகள் இங்கே பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன. அதற்குள் பரிசளித்த சோவியத் ஒன்றியமே கலைந்துபோய், தஜிகிஸ்தானில் உள்நாட்டுப்போர் மூண்டது. கடைசியில் கைவினைஞர்கள் சிலர் வந்து பொருத்திக்கொடுக்க, 1998-ல்தான் விடுதி திறந்தது.

உள்ளே செதுக்கிய தேவதாரு மரத் தூண்கள் பன்னிரண்டு. எல்லாம் ஒரே வேலைப்பாடு என்று நினைத்தேன், அருகில் போனால் ஒன்றுபோல் ஒன்றில்லை. நடுவில் ஒரு நீர்த்தொட்டி. சுற்றி ஏழு செப்புப் பெண்சிலைகள், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவி நிஸாமியின் காவியத்து ஏழு அழகிகள். கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே குடித்ததில் என் தேநீர் ஆறிவிட்டது. தஜிக் முறைப் புலாவும் சாப்பிட்டோம். உப்பு கம்மி.

வெளியே வந்து மலையைப் பார்த்தால், சரிவில் ஒரு மட்டத்துக்கு மேல் வீடே இல்லை. இது தானாக அமைந்ததல்ல. 1959-ல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆல்பர்ட் பார்ட்லெட்டும் கணிதப் பேராசிரியர் ராபர்ட் மெக்கெல்வியும் ஆட்களைத் திரட்டி, 5,750 அடிக்கு மேல் நகராட்சிக் குடிநீர் கிடையாது என்று வாக்கெடுப்பில் சட்டமாக்கினார்கள். வீடு கட்டாதே என்று சொல்லவில்லை, குழாய் வராது என்றார்கள், அவ்வளவுதான். 1967-ல் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்குவதற்கென்றே மக்கள் தங்கள்மீது விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். 1971-ல் கட்டட உயரத்துக்கு 55 அடி வரம்பு.

ஊர் அகலவும் முடியாது, உயரவும் முடியாது என்றானபின் விலை மட்டுமே உயரும். ஒரு தனிவீடு இன்று பத்து லட்சம் டாலருக்குமேல். பேர்ல் ஸ்ட்ரீட்டிலும் வாடகை கட்டுவது சிறு கடைகளுக்குச் சுலபமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அரபாஹோ மக்களின் தலைவர் நிவோட் பற்றி ஒரு வாய்மொழிக் கதை உண்டு: இதன் அழகைப் பார்ப்பவர்கள் தங்கிவிடுவார்கள், அவர்கள் தங்குவதே இதற்குக் கேடு என்று பொன் தேடி வந்தவர்களிடம் சொன்னாராம். ஊர்க்காரர்கள் இதை ரசித்துச் சொல்கிறார்கள். அந்த வெள்ளையர் வருகையால்தான் அரபாஹோக்கள் இங்கிருந்து துரத்தப்பட்டார்கள் என்பதை அவ்வளவு ரசித்துச் சொல்வதில்லை. ஊரைச் சுற்றிப் போட்ட அந்தக் கட்டுப்பாட்டு வேலியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் அந்தச் சரிவு முழுக்கப் பங்களாக்கள்தான். ஆனால் வேலி போட்ட கையோடு, தெருவில் தட்டு கழுவுகிறவனுக்கும் உள்ளே இடம் ஒதுக்கியிருக்கலாம்.

இருட்டியதும் பேருந்து நிலையத்தில் லாங்மான்ட் போகும் வரிசை நீண்டிருந்தது. உணவகச் சீருடையைக் கழற்றாமலே வந்தவர்கள் பாதிப்பேர். தங்கை மகளும் அந்த வரிசைதான். போல்டர் வாடகை அவள் உதவித்தொகைக்குக் கட்டாது. “உட்கார இடம் கிடைக்காது மாமா, முன்னாடி போயிருங்க” என்றாள். நின்றுகொண்டேதான் போனோம். அடுத்த வாரம் லாங்மான்ட்டிலிருந்து லயன்ஸ் வழியாக மலைக்குள், எஸ்டெஸ் பார்க்.