ஒட்டுக்கேட்க அனுமதி உண்டு

வெள்ளகோவிலில் பஸ் ஏறி, காங்கேயம், பல்லடம் தாண்டி, செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு அனுபவம் கண்டிப்பாகக் கிடைக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று திடீரென்று வேகம் குறைந்து பிட்டுக்குள் போய்விடும். பக்கத்தில் நிற்பவரிடம் "என்னாச்சுங்க?" என்று கேட்டால், "தெரியலைங்களே" என்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. டயரா, இன்ஜினா, டிரைவருக்கு வயிறு சரியில்லையா, ஒன்றும் விளங்காது. வெயிலில் நின்று, காது அடைத்துப்போய், கார் போவதை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு வந்து சேர வேண்டியதுதான்.

ரேக்ளாவில் இந்தத் தொல்லை கிடையாது. காங்கேயம் காளைகளைப் பூட்டிக்கொண்டு வண்டிக்காரர் போடும் சத்தம் ஓரத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். மாட்டிடம் அவர் கெஞ்சுகிறாரா, அதட்டுகிறாரா என்பது முதற்கொண்டு தெரியும். கார் ரேஸில்தான் ஓட்டுகிறவரின் குரல் ஹெல்மெட்டுக்குள் அடைபட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் கோவைக்கு ரேஸ் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்த கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003ல் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆன நரேன் கார்த்திகேயனும் கோயமுத்தூர்தான். டிராக் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், ரசிகர் இருக்கிறார். ரசிகருக்குக் காதுதான் இல்லை!

அந்தக் காதை அமெரிக்காவில் நாஸ்கார் ரசிகர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். ரேஸ் ஸ்கேனர் என்று பெயர். பார்க்க போலீஸ்காரர் கையில் இருக்கும் வாக்கி டாக்கி மாதிரியே இருக்கும், ஆனால் இதில் பேச முடியாது. கேட்க மட்டும்தான். ஒவ்வொரு அணியும் தன் டிரைவரோடு பேச ஒரு அலைவரிசை வைத்திருக்கிறது, பெரும்பாலும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸுக்குள். எந்த நம்பர் காருக்கு எந்த அலைவரிசை என்ற பட்டியலை மைதானத்திலேயே விற்பார்கள். அதை ஸ்கேனரில் ஏற்றிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டால், இரண்டு லட்ச ரூபாய் டிக்கெட்காரருக்கும் கேட்காதது கடைசி வரிசைக்காரருக்குக் கேட்கும்.

விற்கிறவர்கள் முதலில் பெருமையாகச் சொல்வது சேனல் எண்ணிக்கையை. யூனிடன் கம்பெனியின் பிசி125ஏடி மாடலில் 500 சேனல், பத்து பேங்க்காகப் பிரித்தது. ஓடுவது நாற்பது கார், இதில் 500 எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காருக்கு இரண்டு மூன்று அலைவரிசை இருக்கும், நடுவர்கள் பேசுவது தனி, ரேடியோ வர்ணனை தனி. அப்படியே கூட்டிப் பார்த்தாலும் பாதி சேனல் சும்மாதான் கிடக்கும். செல்போனில் யாரும் தொடாத மெனு மாதிரி.

உண்மையில் வேலை செய்யும் வசதிகள் விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். டிலே என்று ஒன்று. ஸ்கேனர் ஒவ்வொரு சேனலாகத் தாவிக்கொண்டே போகும், பேச்சு வரும் இடத்தில் நிற்கும், பேச்சு நின்றதும் மறுபடி ஓடும். டிலே இல்லாவிட்டால் டிரைவர் "பின் டயர் வழுக்குது, என்ன செய்ய?" என்று கேட்பது மட்டும் காதில் விழும். பதில் வருவதற்குள் ஸ்கேனர் வேறு கார்க்காரர் வீட்டுக் கதைக்குப் போய்விடும். டிலே போட்டிருந்தால் பேச்சு நின்ற பிறகும் ஓரிரு நொடி அங்கேயே காத்திருக்கும். கேள்வியும் பதிலும் சேர்ந்து கிடைக்கும்.

அடுத்தது லாக்அவுட். மோதி வெளியே போன காரின் சேனலை ஒரு பட்டனில் தள்ளி வைத்துவிடலாம். பிரயாரிட்டி என்பது மனசுக்குப் பிடித்த டிரைவருக்கு. வேறு யாரைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் சில நொடிக்கு ஒருமுறை அவர் சேனலை எட்டிப் பார்த்துவிட்டு வரும். ஸ்குவெல்ச் குமிழ், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் அந்த இரைச்சலை அடக்குவதற்கு. அதிகமாகத் திருகினால் தூரத்திலிருந்து வரும் குரலும் சேர்ந்து அடங்கிவிடும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது பழகப் பழகத்தான் வரும். க்ளோஸ் கால் என்று யூனிடன் தரும் வசதி, பட்டியலே இல்லாமல் பக்கத்தில் பலமாக ஒலிபரப்பாகும் அலைவரிசையைத் தானே பிடித்துக் காட்டும். அலைவரிசையை மாற்றிவிட்டுப் பட்டியல்காரரை ஏமாற்ற நினைக்கும் அணிகளுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான் :-)

ஹெட்போனைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண இயர்போன் அந்த இரைச்சலில் எடுபடாது. காதை முழுசாக மூடுகிற, வெளிச் சத்தத்தைத் தடுக்கிற ஹெட்போன்தான் வேண்டும். ஸ்கேனரில் செலவு செய்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவர் கடைசியில் இரண்டையும் வீணாக்குவார்.

இவ்வளவு கேட்டு என்ன கிடைக்கப் போகிறது? அதற்கு நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளலாம். 2010 மார்ச் 27 அன்று வர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் அவர் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் முதல்முறையாக ஓட்டினார். பிக்கப் வண்டி உருவத்தில் ரேஸ் வண்டிகள். டிராக் நீளம் சுமார் 850 மீட்டர், செட்டிபாளையத்தில் பாதி கூட இல்லை. அதில் 36 வண்டிகள், 250 சுற்று. வரிசையாக நிறுத்தினால் வண்டிக்கு வண்டி 24 மீட்டர்கூடத் தேறாது. கழுத்தைப் பாதுகாக்கும் பட்டை, தலையைச் சுற்றி வரும் சீட் எல்லாம் சேர்ந்து டிரைவரைப் பக்கவாட்டில் திரும்ப விடாது. அதனால் மேலே உயரத்தில் ஸ்பாட்டர் என்று ஒருவர் நின்றுகொண்டு, உள்பக்கம் ஒருத்தன் இருக்கிறான், வெளிப்பக்கம் இருக்கிறான், இப்போது யாரும் இல்லை என்று விடாமல் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். டிரைவர் அந்தக் குரலை நம்பித்தான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். குரல் அரை நொடி பிந்தினால் சுவர்.

ஃபார்முலா ஒன்னில் இந்த ஸ்பாட்டர் வேலையே கிடையாது. அங்கிருந்து வந்த ஒருவர், பழக்கமே இல்லாத வண்டியில், முகம் தெரியாத ஒரு குரலை நம்பி முதல் பந்தயத்திலேயே 13வது இடத்தில் முடித்தார். டிவியில் பார்த்தால் நடுவில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த ஒரு டிரக். ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தவருக்கு அது முழுக்க வேறு பந்தயம். அந்த வருடக் கடைசியில் டிரக் பிரிவில் ரசிகர்களின் அபிமான டிரைவராகவும் நரேன்தான் தேர்வானார்.

பி.காம் படிப்பவர்களுக்கு வவுச்சிங் தெரிந்திருக்கும். லெட்ஜரில் தொகை எழுதியிருந்தால் மட்டும் போதாது, பில் எங்கே என்பார் ஆடிட்டர். ரேஸ் ரிசல்ட் லெட்ஜர் என்றால், ரேடியோ பேச்சுதான் பில். அந்தப் பில்லை ரசிகர் கையிலேயே கொடுத்துவைத்ததால் என்ன நடந்தது என்பதற்கு 2013 செப்டம்பர் 7, ரிச்மண்ட் பந்தயத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருடம் 26 பந்தயம் முடிந்ததும் 12 டிரைவர்கள் மட்டும் சாம்பியன் பட்டத்துக்கான கடைசிக் கட்டத்துக்குப் போகலாம் என்று விதி. ரிச்மண்ட்தான் அந்த 26வது. ஏழு சுற்று மிச்சம் இருந்தபோது ரயன் நியூமன் முன்னணியில் இருந்தார். ஜெயித்தால் உள்ளே போய்விடுவார். அப்போது மைக்கேல் வால்ட்ரிப் ரேஸிங் அணியின் கிளின்ட் போயர் தனியாகச் சுழன்று நின்றார். மஞ்சள் கொடி. எல்லோரும் பிட்டுக்குப் போனார்கள், நியூமன் அங்கே இடத்தை இழந்து மூன்றாவதாக முடித்தார். போயரின் அணிக்காரரான மார்ட்டின் ட்ரூயெக்ஸுக்கு இடம் கிடைத்தது.

டிவியைப் பார்த்தவர்களுக்கு, பாவம் டயர் போயிருக்கும். ரேடியோவில் வேறு கதை. நியூமன் ஜெயிக்கப் போகிறார் என்று போயருக்குச் சொன்ன கையோடு, கை வலிக்கிறதா, உள்ளே சூடாக இருக்குமே என்று சம்பந்தமில்லாத ஒரு விசாரிப்பு. கொஞ்ச நேரத்தில் கார் சுழன்றது. அதே அணியின் இன்னொரு டிரைவர் பிரையன் விக்கர்ஸை, எந்தக் கோளாறும் இல்லாமலே பிட்டுக்குள் வரச் சொன்னார்கள். அவரே குழம்பிப்போய் திரும்பக் கேட்டதும் பதிவானது.

இரண்டு நாளில் நாஸ்கார் அந்த அணிக்கு மூன்று லட்சம் டாலர் அபராதம் போட்டது. ட்ரூயெக்ஸ் வெளியே, நியூமன் உள்ளே. போயர் வேண்டுமென்றே சுழன்றார் என்று நிரூபிக்க முடியாது என்றும், விக்கர்ஸுடன் நடந்த பேச்சுதான் ஆதாரம் என்றும் சொன்னார்கள். அணியின் பெரிய விளம்பரதாரர் விலகினார். 2015 முடிவில் அணியே மூடப்பட்டது.

இதைவிட முக்கியம் ஒரு வாரம் கழித்து வந்த புது விதி. ஸ்பாட்டர்கள் நிற்கும் இடத்தில் டிஜிட்டல் ரேடியோ கூடாது, அனலாக் மட்டும்தான். அதாவது சாதாரண ஸ்கேனருக்கு எட்டாத பேச்சே அங்கே இருக்கக் கூடாது. மாட்டிக்கொண்ட பிறகு கதவைச் சாத்துவதுதான் பெரிய அமைப்புகளின் வழக்கம். இவர்கள் இன்னும் அகலமாகத் திறந்தார்கள்.

ஃபார்முலா ஒன்னிலும் ரேடியோ ஆளை மாட்டிவிட்டிருக்கிறது. 2009 ஆஸ்திரேலிய பந்தயத்தில் ட்ருல்லியை முன்னால் விடச் சொல்லவே இல்லை என்று மெக்லாரன் தரப்பு நடுவர்களிடம் சாதித்தது. பதிவைப் போட்டுக் கேட்டால் சொல்லியிருந்தது. ஹாமில்டன் தகுதி நீக்கம். ஆனால் அங்கே ஸ்கேனர் ரசிகருக்கு வேலையில்லை. ஒளிபரப்புகிறவர்கள் எடுத்துக் கொடுப்பதைத்தான் கேட்க முடியும்.

இனி நடைமுறை. சார்லட்டில் பெரியப்பா பையன் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் காங்கேயம் பக்கத்தில் குறைவில்லை. அந்த ஊர்தான் நாஸ்காருக்குத் தலைநகர் மாதிரி. அங்கே ரேஸுக்குப் போகிறவர் முதல் தடவையே விலைக்கு வாங்க வேண்டாம், அலைவரிசை ஏற்றிய ஸ்கேனரை மைதானத்தில் வாடகைக்கே தருகிறார்கள். வாங்கினாலும் 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பழைய செல்போன் பகுதியை அடைத்துத்தான் விற்பார்கள். 1994லிருந்து அங்கே அப்படித்தான் சட்டம். கார் பேச்சைக் கேட்கலாம், அடுத்தவர் போன் பேச்சைக் கேட்கக் கூடாது. கூடுதலாக ஒரு செட் பேட்டரியும் கையில் இருக்க வேண்டும், கடைசி இருபது சுற்றில்தான் அது தீரும்.

அவரை ஊருக்கு ஒன்று எடுத்துவரச் சொல்வது மட்டும் நல்ல யோசனை இல்லை. சாதாரண ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய நாடு இது. 1980களில்தான் அதை எடுத்தார்கள், வெள்ளகோவிலில் பழைய வீடுகளின் அலமாரியைத் துழாவினால் அந்தப் புத்தகம் இன்னமும் கிடைக்கலாம். வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதையே 1933ம் வருடச் சட்டம் தடுத்தது. 2023ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அங்கீகாரம் கேட்கிறது. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கும் அதிகாரியிடம், "கார் ரேஸ் கேக்கறதுக்குங்க சார்" என்றால் அவர் நம்ப வேண்டுமே. செட்டிபாளையத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் "என்னாச்சுங்க?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.