ஏழு மில்லிமீட்டர்

ஒரு துப்பாக்கி சாவது, அதன் குழலுக்கு ஏற்ற தோட்டா செய்வதை உலகம் நிறுத்திவிடும்போதுதான். இரும்பு அப்புறமும் இருக்கும். அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏலக் கூடத்தில் இருக்கும். ஆனால் அது ஆயுதத்தின் உருவம் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மிகச் சாதாரணமாகப் புழங்கிய 7 மில்லிமீட்டர் பின்ஃபயர் - ஊசித் தோட்டா என்று சொல்லிக்கொள்வோம் - இப்படிச் செத்துப்போன ஒரு காலிபர். இன்று சேகரிப்பாளர்களைத் தவிர யாருக்கும் அதன் பெயர் தெரியாது. ஆனால் நவீன கவிதையையும் நவீன ஓவியத்தையும் பற்றிப் பேசுகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதன்மேல் கை வைத்தவர்தாம்.

காஸிமிர் லெஃபோஷே என்ற பாரிஸ் துப்பாக்கிக்காரர் 1830களில் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தார். குழலை முறித்துக் கீழே தாழ்த்தி, பின்பக்கமாக மருந்து அடைக்கும் துப்பாக்கி ஒன்று. அதற்கென்றே ஒரு தோட்டா மற்றொன்று. தோட்டாவின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் சுத்தி மேலிருந்து ஊசியைத் தட்ட, உள்ளே இருக்கும் கேப்பு வெடித்து மருந்தில் தீ பிடிக்கும். தீபாவளிக்குப் பொட்டு வெடியை ஆணி வைத்துத் தட்டி வெடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அவர் மகன் யூஜீன் 1854ல் இதே முறையில் ரிவால்வர் செய்தார். 1858ல் பிரெஞ்சுக் கடற்படை அதன் 12 மில்லிமீட்டர் வடிவத்தை ஏற்றது. பெரிய அளவுகள் ராணுவத்துக்குப் போயின. 7 மில்லிமீட்டர் சட்டைப் பைக்கு வந்தது. லியேஜ் நகரத்துப் பட்டறைகள் அதைச் சாரிசாரியாக அடித்துத் தள்ளின. பயணம் போகிறவனும் கடைக்காரனும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலிவு, சின்னது, எங்கும் தோட்டா கிடைக்கும். ஒரு காலிபர் பிரபலமாவதற்கு இவ்வளவு போதும்.

1873 ஜூலை 10ந் தேதி காலை பிரஸ்ஸல்ஸில் ஸாந்த்-உய்பேர் கடைவீதியில் பால் வெர்லேன் இப்படி ஒன்றை 23 பிராங்குக்கு வாங்கினார். ஆறு குண்டு ரிவால்வர். அவருக்கு வயது 29. அன்று பிற்பகல் ஓட்டல் அறையில், தன்னை விட்டுப் பாரிசுக்குப் போகிறேன் என்ற பதினெட்டு வயது ரைம்போவை நோக்கி இருமுறை சுட்டார். ஒன்று இடது மணிக்கட்டில் பட்டது, மற்றது தவறியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு மாலையில் ரயிலடிக்குப் போகும் வழியில், வெர்லேன் கை மறுபடி பைக்குள் போவதைக் கண்டு ரைம்போ போலீஸ்காரனைக் கூப்பிட்டார். புகாரைப் பிற்பாடு திரும்பப் பெற்றும், ஆகஸ்டில் வெர்லேனுக்கு இரண்டு வருஷச் சிறையும் 200 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. மணிக்கட்டிலிருந்த ரவையைச் சில நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். சிறிய ரவை, கொஞ்சம் மருந்து. அந்தக் காலிபரின் பலவீனமும் அந்தக் கையின் நடுக்கமும் சேர்ந்து ரைம்போவை நமக்கு விட்டுவைத்தன.

சென்ற வருஷம் இலக்கிய நண்பர்கள் கூடியிருந்த ஓர் இடத்தில் எங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு கவிஞரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் வீட்டில் மனைவியை அடிக்கிறார் என்பதும் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒருவர், "வெர்லேன் ரைம்போவையே சுடவில்லையா? நவீன கவிதை அந்தக் குண்டிலிருந்துதானே புறப்பட்டது?" என்றார். சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நம் பத்திரிகைகளில் இந்த வாக்கியத்துக்கு நாற்பது ஐம்பது வருஷ ஆயுள் இருக்கும். தெருவில் இறங்கிக் கூட்டத்துக்குள் கண்டபடி சுடுவதே எளிய ஸர்ரியலிசச் செயல் என்ற ஆந்த்ரே பிரெத்தோனின் 1929ஆம் வருஷத்து அறிக்கையும் இதற்குத் துணையாக இழுக்கப்படும். குண்டு ஒரு படிமமாகிவிடுகிறது. படிமமான பிறகு அதற்குக் காலிபர் கிடையாது, விலை கிடையாது, படுகிற உடம்பும் கிடையாது. நான் அதை மறுபடி சரக்காகவே பார்க்க விரும்புகிறேன்.

சரக்காகப் பார்த்தால், அது அப்போதே வழக்கொழியத் தொடங்கிவிட்ட சரக்கு. வெர்லேன் அதை வாங்கிய அதே 1873ல்தான் பிரெஞ்சு ராணுவம் அடிப்பகுதியின் நடுவில் தட்டினால் வெடிக்கும் 11 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான புது ரிவால்வரை ஏற்றது. ஊசித் தோட்டாவின் குறைகள் அதன் ஊசியிலேயே இருந்தன. ஒவ்வொரு தோட்டாவையும் அதன் ஊசி உருளையிலுள்ள பள்ளத்தில் பொருந்தும்படி திருப்பி வைக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பது எதில் இடித்தாலும் ஆபத்து. கூடு மெலிது, பலமான மருந்தைத் தாங்காது. நடுவில் தட்டும் தோட்டாவை எப்படிப் போட்டாலும் உட்காரும். சண்டையோ சட்டமோ இல்லாமல், வசதி ஒன்றே போட்டியைத் தீர்த்தது. பழைய ரிவால்வர்கள் வீடுகளில் கிடந்தவரை தோட்டாவும் விற்றுக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து வெகுநாள்வரை ஐரோப்பியக் கடைகளில் அது கிடைத்தது. அப்புறம் கேட்பாரில்லை.

ஆனால் முழுதும் போய்விடவில்லை. 1851 லண்டன் கண்காட்சியில் லெஃபோஷேயின் முறிக்கும் துப்பாக்கியைப் பார்த்த ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். ஊசியைப் பின்னால் கைவிட்டார்கள். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில், பட்டாளத்திலிருந்து வந்த காவலர் ஸ்டூலில் மடியோடு வைத்திருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் அந்த வம்சம்தான். காலையில் அவர் குழலைத் தாழ்த்தி இரண்டு தோட்டாக்களைச் செருகும்போது பாரிஸ் பட்டறை ஒன்றின் யோசனை இன்னும் வேலை செய்கிறது. இலக்கிய இயக்கங்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. அவற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எதுவோ, எதை வைத்து அடையாளம் கண்டோமோ, அது உதிர்ந்துவிடும். உள்ளே இருந்த அமைப்பு பெயர் சொல்லாமல் அடுத்தவன் கைக்குப் போய்விடும். விமர்சகன் உதிர்ந்த ஊசியைப் பொறுக்கிக்கொண்டு திரியக் கூடாது.

1890 ஜூலை 27ந் தேதி ஓவேர் கிராமத்து வயலில் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் ரிவால்வரும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே வகைதான். 1960 வாக்கில் ஒரு விவசாயி உழுத மண்ணில் துருவேறிக் கிடைத்தது. அதுவேதான் இது என்பதற்கு முடிவான சான்று இல்லை. வான்கோ உடனே சாகவில்லை. எழுந்து விடுதிக்கு நடந்து, ஒரு நாளுக்கு மேல் கிடந்து, 29ந் தேதி அதிகாலையில் இறந்தார். பிரஸ்ஸல்ஸில் கருணையாக இருந்த அதே பலவீனம் இங்கே நீண்ட வேதனையாக இருந்தது. இதில் குறியீடு எதையும் தேடவேண்டாம். மலிவான பொருள் மலிவாக வேலை செய்தது, அவ்வளவே.

இனி ரைம்போ. 1886 மே, ஜூனில் பாரிசில் 'லா வோக்' என்ற சிறுபத்திரிகை அவருடைய 'இல்யூமினேஷன்ஸ்' கவிதைகளை வெளியிட்டது. பிரெஞ்சில் கட்டற்ற கவிதையின் முதல் உதாரணங்கள் அதில்தான் உள்ளன என்பார்கள். அந்த மாதங்களில் அவர் கடலோரத்தில் தஜூராவில், ஷோவா மன்னர் மெனெலிக்குக்கு விற்க ஏறக்குறைய 2,000 பழைய துப்பாக்கிகளோடு ஒட்டக வண்டித்தொடருக்காகக் காத்திருந்தார். ஐரோப்பியப் படைகள் கழித்துக்கட்டிய, முன்பக்கம் மருந்திடும் கேப்புத் துப்பாக்கிகள். பாரிசில் ஒரு யாப்பளவு வழக்கொழிந்துகொண்டிருந்தது. அதை ஒழித்தவர் ஆப்பிரிக்காவில் வழக்கொழிந்த துப்பாக்கிகளுக்கு வாங்குபவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மவுசு குறைவது இன்னோரிடத்தில் வியாபாரம். 1887ல் மன்னர் விலையைக் குறைத்து, இறந்துபோன கூட்டாளியின் கடன்களையும் கழித்து, அவரை நஷ்டத்தோடு அனுப்பினார். இந்தப் பேரேட்டைப் படிப்பது எனக்கு அவருடைய மௌனத்தைப் பற்றிய தத்துவக் கட்டுரைகளைப் படிப்பதைவிடப் பிரயோஜனமாக இருக்கிறது.

'நரகத்தில் ஒரு பருவம்' சூடுபட்ட அதே வருஷம் அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் அச்சானது. 500 பிரதி. அட்டையில் போட்டிருந்த விலை 1 பிராங்கு. ஆக, ஒரு ரிவால்வர் 23 பிரதிக்குச் சமம். அச்சகத்துக்கு முழுப்பணம் கொடுக்க முடியாமல் பெரும்பாலான பிரதிகள் அங்கேயே கட்டுக்கட்டாகக் கிடந்து, 1901ல்தான் லோஸோ என்பவர் கண்ணில் பட்டன. ரிவால்வர் 2016 நவம்பர் 30ந் தேதி பாரிசில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது. வான்கோவின் துரு 2019 ஜூனில் 1,62,500 யூரோ. தோட்டாவே கிடைக்காத ஒரு சாமானுக்கு இந்த விலை கொடுப்பவர்கள் வாங்குவது இரும்பை அல்ல; எங்கள் நண்பர் சொன்ன அந்த வாக்கியத்தை. 7 மில்லிமீட்டர் தோட்டா உற்பத்தி நின்றுவிட்டது. வாக்கியம் இன்னும் உற்பத்தியாகிறது.

அந்த வாக்கியத்தில் வெர்லேனின் மனைவி மத்தில்த் இல்லை. 1872 தொடக்கத்தில் அவர் அவளுடைய கழுத்தை நெரித்ததும், சில மாதக் குழந்தையைத் தூக்கி எறிந்ததும் ரிவால்வருக்கு முந்திய செய்திகள். 1874ல், வெர்லேன் சிறையில் இருந்தபோது, அவள் நீதிமன்றத்தில் பிரிவினை பெற்றாள். கைக்குக் காலிபர் கிடையாது. ஆகவே அதை யாரும் ஏலத்தில் விடுவதில்லை, அது வழக்கொழிவதுமில்லை. மத்தில்த் எழுதிய நினைவுக் குறிப்புகள் அவள் இறந்து 21 வருஷம் கழித்து 1935ல் புத்தகமாக வந்தன. வெர்லேனையோ ரைம்போவையோ தமிழில் செய்ய உட்காருகிறவர்கள் அந்தப் புத்தகத்தையும் மேஜையில் வைத்துக்கொள்வது நல்லது.