மூன்றாவது கை

அந்தப் பெண் வரைந்த வீட்டுக்குக் கதவு இல்லை. சாம்பல் நிறச் சுவர், மேலே ஓடு, அவ்வளவுதான். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கியிருந்த இல்லம் அது. வாரம் ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து வரைய ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரமே அந்தத் தவறைச் செய்தேன். "கதவு விட்டுப்போச்சு பாருங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பாஸ்டலை வாங்கி நானே ஒரு கதவு வரைந்தேன். நல்ல கதவுதான். நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இது உங்க படமாயிடுச்சு மேடம். நீங்களே வெச்சுக்குங்க."

அந்தக் கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மார்கழியில் என் கோலத்தில் கோடு கோணினால், அம்மா ஈரக்கையால் துடைத்துவிட்டுத் தானே போட்டு முடிப்பாள். ஓவியக் கல்லூரியில் ஆசிரியர் என் தாளின் மேலேயே கரித்துண்டால் தடித்த கோடு இழுப்பார். "பொம்பளப் புள்ள கோடு, அழுத்தமே இல்ல." மதிப்பெண் அவர் கோட்டுக்குத்தான் விழுந்தது. நான் கோபப்படவில்லை, அந்த அழுத்தத்தைக் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு டர்பன்டைன் வாசனை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பதால் ஈசல் பரணுக்குப் போனது. பதினோரு வருஷம் நான் வரைந்ததெல்லாம் மகளின் அறிவியல் ரெக்கார்டு நோட்டுப் படங்கள்தான்.

அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ராத்திரி அவளுடைய கோலப்பொடி டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். இரண்டு உள்ளங்கையாலும் அளைந்துகொண்டே இருந்தேன். புள்ளி இல்லை, கோடு இல்லை. விடியும்போது தரை முழுக்க வெள்ளை. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

இதற்கு என்ன பெயர் என்று தேடியபோதுதான் நடாலி ராஜர்ஸைப் படித்தேன். உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் மகள். தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது அப்பாவின் வழி. மகள் அதோடு அசைவு, வண்ணம், களிமண், குரல், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்தார். உடம்பை அசைத்துவிட்டு வரை, வரைந்துவிட்டு எழுது, ஒன்று இன்னொன்றைத் திறந்துவிடும் என்றார். 1980இலேயே, ஒரு பெண்ணின் நடுவயது மாற்றங்களைப் பற்றித் தன் வாழ்க்கையிலிருந்தே ஒரு புத்தகம் எழுதியவர். அவர் வழியில் பயிற்சி எடுத்தேன். என் கையை அவிழ்த்துவிட அது போதுமாக இருந்தது. அடுத்தவர் தாளுக்கு முன்னால் அதைக் கட்டிவைக்கத்தான் வரவில்லை.

அதைச் சொல்லித்தந்தவர் ஈடித் கிராமர். வியன்னாவில் பிறந்து, 1938இல் நியூயார்க்குக்குப் போன ஓவியர். கலைச் சிகிச்சை செய்பவருக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும் என்றார். தன் பாணியையோ தன் அர்த்தத்தையோ திணிக்காமல், வரைபவர் தன் படத்தை முடிக்கத் துணைநிற்கும் கை. சாயம் கலந்து தரலாம், நழுவும் தாளைப் பிடிக்கலாம். கதவு போடக்கூடாது. கிராமரின் ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரேசினில் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு படத்திலும் பெயரெழுதச் சொன்னவர். 1944இல் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளின் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மிஞ்சின.

அடுத்த வாரம் எங்கள் பெண்களிடமும் பெயரெழுதச் சொன்னேன். பலர் பிள்ளையின் பெயரை எழுதினார்கள். ஒருவர் நிமிர்ந்து, "இனிஷியல் யாருது போடறது மேடம்? அவருதா, எங்கப்பாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. பெண்ணியம் பேசும் வாய் அல்லவா. வாயை மூடிக்கொண்டேன். அதுவும் கதவு போடுவதுதான். வெகுநேரம் யோசித்து, அவர் பெயரை மட்டும் எழுதினார்.

முதல் வீட்டை வரைந்தவர் மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தார். நான்காவது வாரம் ஒரு தாள் எடுத்தார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

"ஓரத்தைப் புடிங்க மேடம்."

இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டேன். மறுபடி அதே சாம்பல் வீடு, கதவில்லாமல். பக்கத்தில் வீட்டைவிட உயரமாக ஒரு முருங்கை மரம். அரைமணி நேரம் இலை இலையாக வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே பெயரெழுதி, சுருட்டி, எடுத்துக்கொண்டு போனார்.

ஈசல் இப்போது ஹாலில் இருக்கிறது. காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் ஒரு தாள், யாருக்கும் காட்டுவதற்கில்லாத தாள். எதிர்ச் சுவரில் அந்தக் கதவு வைத்த வீட்டை ஒட்டியிருக்கிறேன். மூலையில் என் பெயரை எழுதிவிட்டேன். அது என் படம்தானே.